பதம் மாறாமல் பண்டம் மாறட்டும்

தீபாவளி நெருங்கும் நாட்களில் களமருதூர் போன்ற நம் ஊர்களின் அடுப்படிகளில் ஒரு வழக்கு எழுவதுண்டு. "அதிரசம் என்றால் பச்சரிசியும் வெல்லமும்தான், அதில் கை வைக்காதே" என்பது பாட்டியின் கட்சி. "சாமையில் செய்தால் என்ன? கருப்பட்டி போட்டால் என்ன? கொஞ்சம் சிறியதாகத் தட்டினால்தான் என்ன?" என்பது பேத்தியின் கட்சி. இரு கட்சிக்கும் சாட்சிகள் உண்டு. ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்னரே மூன்றாவது ஆள் ஒருவர் வந்து சேருகிறார். அவர் கையில் கடையில் கட்டிக்கொடுத்த அட்டைப் பெட்டி இருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் வழக்கு தள்ளுபடியாகிறது, அடுப்பும் அணைகிறது.

அந்த வழக்கை மீண்டும் எடுத்து விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பலகாரப் பேச்சுக்குக் கல்லூரி மலரில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். வரலாறு படிப்பவர்க்கும், தாவரவியல் படிப்பவர்க்கும், வேதியியல் படிப்பவர்க்கும், பொருளியல் படிப்பவர்க்கும் ஒருசேரப் பாடம் சொல்லக்கூடிய ஆசிரியர் ஒருவர் உண்டென்றால், அவர் அடுப்பின்மேல் இருக்கும் வாணலிதான் என்பேன். படித்துப் பார்த்துவிட்டு நகைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதம் மாறக்கூடாது என்பதில் பாட்டி வெல்கிறார். பண்டம் மாறலாம் என்பதில் பேத்தி வெல்கிறாள். பண்டம் என்று நான் குறிப்பது சட்டியில் இடும் பொருளை. பதம் என்பது அதைக் கையாளும் அறிவை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால்தான் நம் வீட்டு இனிப்பு நாளுக்கு நாள் மெலிந்து வருகிறது.

மரபின் பிறப்புச் சான்றிதழ்

"ஆதி நாள் முதல் இப்படித்தான்" என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆதி நாள் என்பது எந்த நாள்?

புறநானூற்றின் 99-ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் முன்னோரைக் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்து தந்தவர்கள் என்று போற்றுகிறார். அதே பாடலில் அதியமான் கோவலூரை வென்றழித்த செய்தியும் வருகிறது. அந்தக் கோவலூர்தான் மலையமான் திருமுடிக்காரியின் ஊர். இன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பெண்ணையாற்றங்கரையில் இருக்கும் திருக்கோவிலூர். நம் மண்ணைப் பாடும் அப்பழம்பாட்டே கரும்பை எங்கிருந்தோ வந்த பொருள் என்று சொல்லுகிறது! இன்று மூங்கில்துறைப்பட்டில் ஒன்றும், கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் ஒன்றுமாகக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் நிற்கின்றன. வந்த பயிர் சொந்தப் பயிராயிற்று.

அடுத்து, நம் பக்கத்துப் பிள்ளைகள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தின்னும் மல்லாட்டை உருண்டையைப் பாருங்கள். வேறு மாவட்டத்து நண்பர்களுக்கு 'மல்லாட்டை' என்றால் புரியாது. 'வேர்க்கடலை' என்று விளக்க வேண்டும். மணிலாக் கொட்டை என்பதுதான் நம் பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர். அதுவும் இப்பயிரின் தாயகம் அன்று; தாயகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியரின் கப்பலேறிக் கடல் கடந்த இக்கடலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் பெரிதும் பரவியது. இங்கு விளைந்தது புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே பிரான்சு நாட்டு எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. அப்படி வந்த கடலையை எள்ளுருண்டை பிடித்த கை எடுத்து, அதே வெல்லப் பாகில் போட்டு உருட்டிப் பார்த்தது. முதன்முதல் உருட்டிய அந்தத் தாயின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவள் வீட்டிலும் ஒரு மூதாட்டி, "எள் இருக்க இதெதற்கு?" என்று கேட்டிருக்கலாம். கடல் கடந்து வந்த அந்தக் கடலையில் செய்யும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடே பெற்றுவிட்டது.

மூன்றாவது சாட்சி, திருமணப் பந்தியில் இலை ஓரத்தில் ஊற்றும் ஜவ்வரிசிப் பாயசம். ஜவ்வரிசி என்பது தென்கிழக்காசிய நாடுகளில் ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்த மாவில் செய்து கப்பலில் வந்த பொருள். இரண்டாம் உலகப் போரில் அந்த வரவு நின்றது. 1943-ஆம் ஆண்டளவில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவைக் கொண்டு அதே போன்ற மணிகளைச் செய்யத் தொடங்கினார்கள். பஞ்ச காலத்து மாற்று இன்று ஒரு பெருந்தொழில். சேலம், ஆத்தூர், நம் சின்னசேலம் என்று ஆலைகள் பெருகின. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தாத்தா காலத்துப் பாயசம் என்று நாம் நினைப்பது தாத்தா இளைஞராக இருந்தபோது பிறந்த புதுப்பாயசம்!

வடக்கே பாருங்கள். ரசகுல்லா எங்களுடையது என்று வங்காளமும் ஒடிசாவும் பல காலம் வாதாடின. 2017-இல் வங்காள ரசகுல்லாவுக்கும், 2019-இல் ஒடிசா ரசகுல்லாவுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு வழங்கினார்கள். ஒரே பெயருள்ள பண்டம், இரண்டு கைப்பக்குவம், இரண்டும் செல்லும் என்பதுதானே இதன் பொருள்? இரண்டு மாநிலங்களுக்குப் பொருந்தும் நியாயம், ஒரே தெருவின் இரண்டு வீடுகளுக்குப் பொருந்தாதா?

ஆக, மரபு என்று நாம் கைகூப்பும் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ ஒருத்தி தன் அடுப்பில் துணிந்து செய்த மாற்றம். நேற்றுப் புதுமை புகுத்திய பேத்திதான் இன்று பாட்டியாக அமர்ந்து புதுமையைத் தடுக்கிறாள்.

பாட்டியின் கையில் இருக்கும் வெப்பமானி

அப்படியானால் எதை வேண்டுமானாலும் எதிலும் போடலாமா? போடலாம், ஆனால் பண்டம் வராது. இங்கேதான் பாட்டியின் கட்சி வலுப்பெறுகிறது.

வெல்லத்தைக் கரைத்து அடுப்பில் ஏற்றினால் நீர் ஆவியாகிக் குறையக் குறையப் பாகின் கொதிநிலை உயர்ந்துகொண்டே போகும். விரலிடையே தொட்டு இழுத்தால் நூல்போல் வருவது கம்பிப் பதம். வெப்பம் ஏறக்குறைய 105 முதல் 110 பாகை செல்சியசு. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுத் திரட்டினால் மென்மையாக உருண்டு வருவது உருட்டுப் பதம். இதைச் சில வீடுகளில் தக்காளிப் பதம் என்பார்கள். அது 112-லிருந்து 116 பாகை வரை. அதற்கும் மேலே போனால் கெட்டிப் பதம். தண்ணீரில் இறுகிய பாகைத் தட்டில் போட்டால் 'டங்' என்று ஓசை கேட்கும். அதிரசத்துக்கு இரண்டாவது, கடலை உருண்டைக்கு மூன்றாவது. ஆய்வுக்கூடத்தில் நாம் கண்ணாடிக் குழலை நுழைத்து அளப்பதை, ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரையும் இரண்டு விரல்களையும் வைத்துக்கொண்டு அவர் அளக்கிறார்.

நான்கைந்து பாகை தவறினால் நடப்பதென்ன? பாகு இளகலாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து கரையும். முற்றிவிட்டால் கல்லாகும். அரிசியை நனைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன் இடிக்க வேண்டும் என்பதும் வெறும் சடங்கு அன்று. காய்ந்த மாவு பாகை ஒரேயடியாக உறிஞ்சி விறைத்துவிடும்; ஈரமாவு பாகோடு இணங்கும். கிளறிய மாவை ஓர் இரவாவது மூடிவைப்பதும் அதற்காகவே.

இதை அறியாமல் பண்டத்தை மாற்றினால் பண்டமும் போகும், பொருளும் போகும். சீனிக்குப் பதில் வெல்லம் நல்லது என்று எங்கோ கேட்டு, கொதிக்கும் பாலில் வெல்லத்தைத் தட்டிப் போட்டால் பால் திரியும். வெல்லத்தில் புளிப்புத் தன்மை உண்டு. பாட்டிக்கு அமிலம், காரம் என்ற சொற்கள் தெரியாது. ஆனால் வெல்லப் பாயசத்துக்குத் தேங்காய்ப் பால் விட வேண்டும், இல்லையேல் இறக்கி ஆறவைத்துப் பசும்பால் சேர்க்க வேண்டும் என்பது தெரியும்.

மரவள்ளியிலும் இப்படித்தான். துருவி, வெல்லமும் தேங்காயும் சேர்த்து அடையோ புட்டோ செய்யும் ஆசை நல்ல ஆசை. ஆனால் அக்கிழங்கில் சயனைடு என்னும் நஞ்சைத் தரும் பொருள் இயற்கையிலேயே உண்டு. கசப்பு இனங்களில் அது மிகுதி. ஆலைக்கென்று விளைவிக்கும் கசப்புக் கிழங்கை வீட்டுச் சட்டிக்குக் கொண்டுவரலாகாது. உண்ணும் இனத்தையும் தோல் சீவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிய பிறகே பயன்படுத்துவது நன்று. மாற்றம் செய்யும் உரிமை, பொருளின் குணத்தை அறிந்தவனுக்கே உண்டு.

நம் மண்ணில் என்ன இருக்கிறது?

பதம் கைவந்த பின் பண்டத்துக்கு எங்கே போவது? எங்கும் போக வேண்டாம். வீட்டுக் கொல்லையிலிருந்து மலை உச்சி வரை நம் மாவட்டமே ஒரு மளிகைக் கடை.

சமவெளியில் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் கம்பும் உளுந்தும் விளைகின்றன. உளுந்தைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் உளுந்தூர்பேட்டை நம் பக்கத்து ஊர். தோலோடு வறுத்தரைத்த கறுப்பு உளுந்து மாவும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த உளுந்தங்களி, பருவமெய்திய பெண்ணுக்கு மட்டுமே கிண்டிக்கொடுக்கும் பண்டமாக ஒடுங்கிவிட்டது. அதே மாவை நெய்யில் வறுத்து உருண்டையாகப் பிடித்தால், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வாரம் வைத்துத் தின்னக் கொடுத்தனுப்பலாம். கறுத்து இருக்கிறதே என்று முகம் சுளிக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் அந்த உளுந்து ஒன்றும் கெடுதல் செய்யாது!

மலைமேல் சாமையும் தினையும் தேனும் இருக்கின்றன. கல்வராயன் மலைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. நாடு விடுதலை பெற்ற பின்னும் ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. 1976-ஆம் ஆண்டில்தான் அம்முறை அங்கே முடிவுக்கு வந்தது. அம்மலை மக்கள் உண்ட சாமைச் சோற்றைச் சமவெளியில் இருந்த நாம் ஏழைச் சோறு என்று இளக்காரமாகப் பார்த்தோம். இந்தியா முன்மொழிய, ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. இன்று அதே சாமை நகரத்துக் கடைகளில் வண்ணப் பையில் ஏறி, அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. மலையடிவாரத்தில் இருந்துகொண்டு, மலைத் தானியத்தை நகரத்துப் பையில் வாங்குவது நமக்குப் பெருமையா?

சாமை அதிரசம் செய்ய விரும்பும் பேத்திக்கு என் யோசனை இது: முதல் முறை பாதி பச்சரிசி, பாதி சாமை. இரண்டையும் ஊறவைத்து, ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்து, பாகின் பதத்தில் மட்டும் பாட்டியின் விரலை நம்புக. மாவு கைக்கு இணங்கிய பிறகு அடுத்த முறை சாமையைக் கூட்டலாம். சாமை வாங்குவதை மலையிலிருந்து சந்தைக்கு வரும் உழவரிடமே வைத்துக்கொண்டால், இடைத்தரகருக்குப் போகும் காசு விளைவித்தவர் மடியில் விழும். மலையிலும் மரவள்ளி பரவி வரும் இக்காலத்தில், சாமையை விதைக்கும் உழவருக்கு அது ஓர் ஊக்கம். ஒரு வீட்டுப் பலகாரத்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். தீபாவளிக்கு அடுப்பு மூட்டாத வீடு எத்தனை? அத்தனை வீட்டிலும் ஒரு படி சாமை என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுப் பொருள் கூடவே கூடாது என்பது என் வாதமன்று. அந்த வாதம் செய்தால் மல்லாட்டையையும் மரவள்ளியையும் நாடுகடத்த நேரிடும். கொழுக்கட்டைக்குள் சாக்லேட் வைத்தாலும் எனக்குச் சண்டையில்லை; குழந்தை தின்றால் சரி. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த மாற்றம் எதற்காக? அருகில் விளைகிறது, உடலுக்கு நல்லது, செலவு குறைகிறது, தின்பவருக்குப் பிடிக்கிறது என்று ஏதேனும் ஒரு காரணம் இருந்தால் அது புதுமை. பார்ப்பவர் கண்ணைப் பறிப்பதற்காக மட்டும் சிவப்பும் பச்சையும் கொட்டினால் அது வேடம். அந்த வேடம் ஆபத்தாகவும் முடியும். பஞ்சு மிட்டாய்க்கு நிறமூட்ட, துணிச் சாயத்துக்குப் பயன்படும் ரோடமின்-பி கலந்தது கண்டறியப்பட்டதால்தான், 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. நிறம் வேண்டுமானால் நம் வீட்டில் மஞ்சள் இருக்கிறது, பீட்ரூட் இருக்கிறது, கேழ்வரகின் செம்மை இருக்கிறது. வெல்லம் வாங்கும்போதும் பளபளக்கும் மஞ்சளை நாடாமல் கறுத்த வெல்லத்தை நாடுவது நலம்.

தடை எழுப்புவோர்க்கு விடை

"இனிப்பே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லும் காலத்தில் இனிப்புக்கு வக்காலத்தா?" என்று உடற்கல்விப் பேராசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி. இந்தியாவில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ஆம் ஆண்டில் அறிவித்தது. இதற்கு விடையாகச் சிலர், "நாங்கள் சீனி சேர்ப்பதில்லை, கருப்பட்டிதான்" என்று தப்பிக்கப் பார்க்கிறார்கள். அது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் சிறிது தாது உப்புகள் உண்டு, மணமும் உண்டு. ஆனால் அவற்றின் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சர்க்கரைதான். இரத்தத்துக்கு நிறம் தெரியாது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்ற அளவில் ஐம்பது அதிரசம் தட்டினால், ஒன்றில் 15 கிராம் வெல்லம். மூன்று தின்றால் 45 கிராம். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர், சேர்க்கும் சர்க்கரையை 50 கிராமுக்குள் அடக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் தந்த அறிவுரையின் கணக்கு. அதிலும் பாதியானால் இன்னும் நல்லது என்றும் அது சொல்லுகிறது. காப்பிக்கும் தேநீருக்கும் மிச்சம் எங்கே?

அப்படியானால் வெல்லத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாமே என்றால், பாகு போதாமல் அதிரசம் எண்ணெயில் உதிரும். பதம் ஒப்புக்கொள்ளாது. குறைக்க வேண்டியது வெல்லத்தை அன்று, அளவை. அதே மாவில் ஐம்பதுக்குப் பதில் எழுபத்தைந்து தட்டினால் ஒன்றில் 10 கிராம்தான். தட்டில் எண்ணிக்கை குறையவில்லை, விருந்தினர் மனம் கோணவில்லை, பதமும் கெடவில்லை. பேத்தி கேட்ட "சிறியதாகத் தட்டினால்தான் என்ன?" என்ற கேள்வியே எல்லாப் புதுமையிலும் தலையாய புதுமை என்று இப்போது தெரிகிறதல்லவா?

இரண்டாவது தடை நோன்பு. கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளில் இருபத்தோர் அதிரசம் படைப்பது வழக்கம். அதை மாற்றச் சொல்லி மூத்தோர் மனத்தை வருத்த வேண்டியதில்லை. படையலுக்குரியது பழைய முறையில் இருக்கட்டும். பந்திக்குரியது புதுமுறையில் இருக்கட்டும். ஒரே அடுப்பில் இரண்டும் வேகும்.

மூன்றாவது தடைதான் மெய்யான தடை: நேரம். வேலைக்குப் போய்வரும் அம்மாவுக்கு அரிசி இடிக்க ஏது பொழுது? கடைக்காரர் அட்டைப் பெட்டியோடு உள்ளே நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான். கடைக்காரர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவரும் உழைத்துப் பிழைப்பவர். ஆனால் கடைக்குத் தன் வாடிக்கையாளர் எல்லார்க்கும் பொதுவான ஒரே சுவைதான் முடியும். சின்னவனுக்கு ஏலக்காய் ஆகாது, அத்தைக்குச் சுக்கு கூடுதலாக வேண்டும், தாத்தாவுக்குப் பல்லில்லை என்று அறிந்து பாகை இளக்கும் கை வீட்டில் மட்டுமே உண்டு. அந்தக் கை ஓய்ந்து போவதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஒருத்தியின் தலையில் வேலை முழுவதையும் சுமத்திவிட்டு, வீட்டில் உள்ள மற்றவர்கள் தின்பதற்கு மட்டும் வரிசையில் நிற்பதே காரணம். திருமண வீடுகளில் அண்டாவில் பாகு காய்ச்சும் சமையற்காரர்கள் ஆண்கள். கடையில் அல்வா கிண்டுபவர்கள் ஆண்கள். கூலி கிடைத்தால் கிண்டும் கை, கூலியில்லாத வீட்டில் மட்டும் கூசுவானேன்? உரலில் இடிப்பது, வாணலியில் கிளறுவது, எண்ணெய் வடிய அழுத்துவது ஆகியவற்றில் ஆணுக்கு ஆகாதது எது? நண்பர்களே, இது உங்களுக்கும் எனக்கும் உரிய கேள்வி.

ஏட்டில் ஏறாத அறிவு

கடைசியாக ஒன்று. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ஆம் ஆண்டில் 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டார். ஒரு குடும்பத்துப் பெண்ணின் கையளவு அதனால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அளவாயிற்று. கடல் கடந்து போன பெண்களும் அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். ஆனால் நம் சிற்றூர்களின், மலை ஊர்களின் அடுப்படி அறிவுக்கு அப்படி ஓர் ஏடு வாய்க்கவில்லை. அது இன்னும் விரல் நுனியில்தான் இருக்கிறது. விரலோடு போய்விடவும் கூடும். ஒரு மூதாட்டி மறையும்போது ஒரு பதமும் மறைகிறது. பண்டம் போனால் சந்தையில் வாங்கலாம். பதம் போனால் எங்கே வாங்குவது?

எனவே நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு இனிப்பு ஒன்றை எழுதித் தரட்டும். அதில் ஐந்து செய்திகள் இருந்தால் போதும்: என்ன பண்டம், எவ்வளவு, பதத்தின் அடையாளம் என்ன, யாரிடம் கற்றது, அவர் செய்ததில் தாம் எதை, ஏன் மாற்றினார் என்பன. ஆழாக்கு, உழக்கு, படி என்று பாட்டி சொல்லும் அளவை அப்படியே எழுதி, பக்கத்தில் கிராமிலும் குறித்துக்கொள்ளலாம். நான்காவது, ஐந்தாவது செய்திகளைத் தவறாமல் எழுத வேண்டும். மல்லாட்டை உருண்டையை முதலில் பிடித்தவளின் பெயரைத் தொலைத்துவிட்டோம், இனிமேலாவது தொலைக்காதிருப்போம். தமிழ்த்துறை பேச்சுச் சொற்களைத் தொகுக்கலாம். வேதியியல் துறை பாகின் வெப்பத்தை அளந்து தரலாம். வரலாற்றுத் துறை பண்டம் வந்த வழியைத் தேடலாம். தொகுத்த ஏடு நூலகத்தில் இருக்கட்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது மெய்தான். ஆகவே எழுதினால் மட்டும் போதாது. எழுத உட்காருமுன், பாட்டியின் அருகே நின்று ஒரு முறையேனும் அந்தப் பாகைத் தண்ணீரில் விட்டு, உங்கள் விரலால் உருட்டிப் பாருங்கள். எந்தப் புத்தகமும் சொல்லித் தராத பாடம் அந்த விரலில் ஏறும். அது ஏறிய பின் சாமையோ, உளுந்தோ, மரவள்ளியோ, உங்கள் மனம் போன பண்டத்தை அந்தப் பதத்தில் இட்டு, உங்கள் வீட்டுப் பெயரையே அதற்குச் சூட்டுங்கள். வருகின்ற பண்டிகைக்கு நம் அடுப்புகள் எரியட்டும். பதம் மாறாமல் பண்டம் மாறட்டும்!